கலப் படத்திலிருந்து நம்பக்கூடிய எண் வரை: நுணுக்குக்காட்டிப் படங்களை ஆழ்கற்றலால் அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் இறுதியாண்டு ஆய்வோ முதுகலை ஆய்வோ செய்கிற மாணவர்களில் பலர் ஏறக்குறைய ஒரே வேலையோடுதான் வருகிறார்கள். ஏதோவொரு மூலிகைச் சாற்றை எம்சீஎஃப்-7 போன்ற புற்றுநோய்க் கலங்களில் இட்டு, கருவின் டிஎன்ஏயில் ஒட்டி நீலமாக ஒளிரும் டாபி சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் படம் பிடித்திருப்பார்கள். கரு சுருங்கியிருக்கிறதா, எத்தனை கலம் மிஞ்சியிருக்கிறது என்று கணினியால் அளக்கவேண்டும். வந்ததும் கேட்பது: "எந்த மொடல் நல்லது?"

மொடல் என்பது உதாரணப் படங்களிலிருந்து கற்று, புதிய படத்தில் கலங்களைத் தானே கோடு போட்டுப் பிரிக்கிற ஆழ்கற்றல் நிரல். அது ஐந்தாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. மொடலை ஓட்டுவது அரை நாள் வேலை. ஆட்கள் சறுக்குவது அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற படிகளில். அதனால் இந்த வழிகாட்டி படிகளின் வரிசையைப் பற்றியே அதிகம் பேசுகிறது. மூலிகைச் சாறு, டாபி என்ற உதாரணத்தையே கடைசிவரை பிடித்துக்கொள்கிறேன். இரத்தப் பூச்சு, திசு வெட்டு என்றால் சாயமும் மொடலும் மாறும், வரிசை மாறாது.

1. எந்த எண் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடைசியில் வரவேண்டிய அட்டவணையின் தலைப்புகளை எழுதுங்கள். ஒரு புலத்துக்கு (ஒரு படத்தில் அகப்படும் பகுதிக்கு) எத்தனை கரு, ஒரு கருவின் பரப்பு, சராசரி ஒளிர்வு என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தத் தலைப்புகள்தான் சாயத்தையும் உருப்பெருக்கத்தையும் மொடலையும் தீர்மானிக்கும்.

கருக்களின் எண்ணிக்கையும் பரப்பும் மட்டும் போதும் என்றால் டாபியோ அதேபோன்ற இன்னொரு கருச் சாயமான ஹோக்ஸ்ட்டோ ஒன்றே போதும். முழுக் கலத்தின் பரப்பு வேண்டுமென்றால் கலத்தின் விளிம்பைக் காட்டுகிற இன்னொரு சாயம் தேவை. கலத்திலுள்ள அக்டின் புரத இழைகளைப் பிடிக்கிற ஃபலோய்டின் அதற்கு நன்றாக வரும். டாபிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு "கலத்தின் அளவு" கேட்டால் எந்த மொடலாலும் தரமுடியாது. படத்தில் இல்லாததை அது ஊகித்து வரையும், அவ்வளவுதான்.

நம் உதாரணத்தில் இங்கேயே இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, அப்போப்டோசிஸில் (கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்போது) கரு சுருங்கி, பளிச்சென்று ஆகி, பிறகு துண்டு துண்டாக உடையும். ஒரு கரு ஐந்து துண்டானால் அது ஒரு கலமா, ஐந்து பொருளா? இப்போதே முடிவெடுத்து எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் மொடல் தன் போக்கில் முடிவெடுக்கும், நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள்.

இரண்டாவது, செத்த கலங்கள் பிளேட்டின் (கலம் வளர்க்கும் தட்டின்) அடியை விட்டுக் கழன்று மிதக்கும். சாயம் ஏற்றும்போது கழுவக் கழுவ அவை போய்விடும். ஆக, படத்தில் இருப்பவை பிழைத்தவையும் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவையும்தான். "செத்த கலங்களின் சதவீதம்" என்ற தலைப்பு உங்கள் தாளில் இருந்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள், அல்லது கழுவாமல் படம் பிடிக்கும் முறைக்கு மாறுங்கள்.

2. கையில் இருக்கவேண்டியவை

மென்பொருளில் முதலாவது ஃபிஜி. இது படங்களைத் திறந்து அளக்க உதவும் இமேஜ்ஜேயின் ஒரு தொகுப்பு, இலவசம்; பயோ-ஃபோர்மற்ஸ் கூடவே வருவதால் நுணுக்குக்காட்டிக் கொம்பனிகளின் சொந்த ஃபைல்களையும் பெரும்பாலும் திறந்துவிடும். இரண்டாவது செல்போஸ், கலங்களைப் பிரித்து வரைகிற ஆழ்கற்றல் மென்பொருள். கருக்கள் மட்டும் என்றால் அதேபோன்ற ஸ்டார்டிஸ்ட்டும் போதும். முடிவுகளைப் படத்தின் மேல் போட்டுப் பார்க்க நபாரி நல்லது. எல்லாமே இலவசம், திருட்டுப் பிரதி தேடி அலையவேண்டியதில்லை.

செல்போஸில் பதிப்பு எண்ணைக் கவனியுங்கள். 2025இல் வந்த பதிப்பு 4 மிகப் பெரிய மொடல் ஒன்றைப் பயன்படுத்துகிறது; ஜீபீயூ (இத்தகைய கணக்கை வேகமாகச் செய்யும் கிராஃபிக்ஸ் சிப்) இல்லாத மடிக்கணினியில் அது ஆமை வேகத்தில் நகரும். பதிப்பு 3இல் இருக்கிற சைட்டோ3, நியூக்ளியை ஆகிய மொடல்கள் சிறியவை; சாதாரண மடிக்கணினியிலும் ஓரளவு ஓடும். ஆனால் சைட்டோ3 பதிப்பு 4இல் இல்லை. இணையத்தில் கிடைக்கிற செய்முறை ஒரு பதிப்புக்கும், உங்கள் கணினியில் இருப்பது இன்னொரு பதிப்புக்குமாக இருந்தால் பிழைச் செய்தி வந்துகொண்டே இருக்கும். அது உங்கள் பிழை என்று நினைத்து இரவு முழுக்க உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. முதலில் பதிப்பைப் பாருங்கள்.

இவை பைதன் நிரல்மொழியில் ஓடுபவை. பைதனில் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் நிறுவுங்கள். செல்போஸ் பைடோர்ச் என்ற ஆழ்கற்றல் நூலகத்தின் மேல் ஓடுகிறது, ஸ்டார்டிஸ்ட் டென்சர்ஃப்ளோ என்ற இன்னொன்றின் மேல் ஓடுகிறது. இரண்டையும் ஒரே சூழலில் போட்டால் ஒன்றுக்காக இறங்குகிற துணைத் தொகுப்பு மற்றதைக் கெடுக்கும்.

ஜீபீயூ வாங்கத் தேவையில்லை. கூகுளின் கணினியை இணையம் வழியாகப் பயன்படுத்தவிடும் கூகுள் கொலாப்பின் இலவசக் கணக்கில் ஓட்டலாம், ஆனால் ஒரு அமர்வு அதிகபட்சம் 12 மணித்தியாலம்தான்; சும்மா விட்டால் அதற்கு முன்பே துண்டித்துவிடும். அமர்வு முடிந்தால் அதிலிருந்த ஃபைல்களும் போய்விடும். பயிற்சி பெற்ற மொடல் நேரே டிரைவில் சேமிக்கப்படுகிறதா என்று முதலிலேயே சரிபாருங்கள். லெப்பிலுள்ள கணினியில் ஓட்டுவதானால் யூபீஎஸ் இருக்கிற கணினியாகப் பாருங்கள். கரண்ட் ஒரு தடவை கண்ணடித்தால் போதும், அரைவாசி எழுதிய ஃபைல் திறக்காது.

ஒரு எச்சரிக்கை. வைத்தியசாலையிலிருந்து வந்த நோயாளி மாதிரிகள் என்றால் கொலாப்பில் ஏற்றுவதற்கு முன் நில்லுங்கள். படம் வெளிநாட்டு சேவையகத்துக்குப் போகிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைத் தனி வகையாகவே பார்க்கிறது. உங்கள் அறநெறிக் குழு தந்த அனுமதியில் இது அடங்குகிறதா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வழுக்கியை (மாதிரி வைத்த கண்ணாடித் தட்டை) ஸ்கேன் செய்தால் அதன் லேபலும் சேர்ந்து ஃபைலுக்குள் போய்விடுவதுண்டு. பெயரும் கட்டில் இலக்கமும் அதில் இருக்கலாம்.

அப்புறம், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைக்கும். மூலப் படங்களின் பிரதி ஒன்று அதில் எப்போதும் கைபடாமல் இருக்கவேண்டும்.

3. படம் பிடித்தல்

இதுதான் மற்ற எல்லாப் படிகளையும் விட நேரம் செலவழிக்கவேண்டிய படி. இங்கே விட்டதைப் பின்னால் எந்த மொடலாலும் மீட்கமுடியாது.

உருப்பெருக்கத்தை அளக்கப்போகும் பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கமராவின் பிக்சல் 6.5 மைக்ரோமீற்றர், பொருள்வில்லை 20 மடங்கு என்றால், படத்தின் ஒரு பிக்சல் 6.5 ÷ 20 = 0.325 மைக்ரோமீற்றர். 10 மைக்ரோமீற்றர் அகலமான கரு ஒன்று ஏறக்குறைய 31 பிக்சல் அகலத்தில் விழும். எண்ணவும் பரப்பு அளக்கவும் அது தாராளம். 60 மடங்கில் எடுத்தால் கரு வடிவாகத் தெரியும், ஆனால் ஒரு புலத்தில் மிகக் குறைவான கலங்கள்தான் அகப்படும். இழைமணிகளின் வலையை அளக்கவேண்டுமென்றால் கதை வேறு. 20 மடங்கு, 0.5 எண்துளை (வில்லை எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு) கொண்ட பொருள்வில்லையால் டாபியின் 461 நனோமீற்றர் ஒளியிலேயே ஏறக்குறைய 0.46 மைக்ரோமீற்றரை விட நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டமுடியாது. இழைமணியின் தடிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு 60 மடங்கு, 1.4 எண்துளை கொண்ட எண்ணெய் வில்லை வேண்டும்.

எக்ஸ்போஷரை எல்லாப் புலத்துக்கும் ஒன்றாகப் பூட்டுங்கள். "ஓட்டோ" என்ற பொத்தானைத் தொடவேண்டாம். அது இருண்ட படத்தை வெளிச்சமாக்கி, வெளிச்சமானதை இருட்டாக்கி, நீங்கள் அளக்க வந்த வித்தியாசத்தையே அழித்துவிடும். எக்ஸ்போஷரைத் தீர்மானிக்கவேண்டியது மிகப் பிரகாசமான மாதிரியை வைத்து. நம் உதாரணத்தில் அது சாறு இட்ட வெல் (பிளேட்டிலுள்ள ஒரு குழி). சுருங்கிய கருக்கள்தான் அதிகம் ஒளிரும். கொன்ட்ரோலை (சாறு இடாத வெல்லை) வைத்துத் தீர்மானித்தால் சுருங்கிய கருக்களின் பிக்சல்கள் உச்சத்தில் முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் எவ்வளவு பிரகாசம் என்று தெரியாது.

பிக்சல் முட்டியிருக்கிறதா என்று பார்ப்பதிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஃபைல் 16 பிட், அதன் உச்சம் 65535, படத்தின் அதிகபட்ச மதிப்போ 4095. ஆகவே பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். கமரா 12 பிட் என்றால் அதன் உச்சமே 4095தான்! 16 பிட் என்பது அதைப் போட்டுவைத்திருக்கிற பெட்டி மட்டும். ஃபிஜியில் ஹிஸ்டோகிராமை (எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபை) திறந்து, வலது ஓரத்தில் ஒரு கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எக்ஸ்போஷரைக் குறைத்துத் திரும்ப எடுங்கள்.

மூலிகைச் சாறு வேலையில் இன்னொன்று: சாறே ஒளிரும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். பச்சை இலைச் சாற்றிலுள்ள குளோரோபில் சிவப்பில் ஒளிரும். "சாறு இட்ட கலங்களில் பச்சை கூடியிருக்கிறது" என்று சந்தோஷப்படுவதற்கு முன், சாறு இட்டு எந்தச் சாயமும் ஏற்றாத வெல் ஒன்றை அதே எக்ஸ்போஷரில் படம் பிடியுங்கள். அதிலும் பச்சை தெரிந்தால் அந்தச் சனலில் (அந்த நிறத்துக்கான படத்தில்) ஒளிர்வை அளப்பதை மறந்துவிடுங்கள். பிளேட்டைத் திட்டமிடும்போதே இந்த வெல்லுக்கு இடம் ஒதுக்கவேண்டும், பிறகு சேர்க்கமுடியாது.

சாயங்கள் பல என்றால் நீண்ட அலைநீளத்திலிருந்து தொடங்குங்கள்: சிவப்பு, பச்சை, கடைசியில் டாபி. டாபிக்கான புற ஊதா ஒளி மற்றச் சாயங்களை வெளிறச் செய்யும்.

புலங்களைக் கண்ணால் தேர்ந்தெடுக்கவேண்டாம். "அக்கா, இந்த இடம்தான் வடிவா இருந்தது" என்பார்கள். வடிவான இடத்தை மட்டும் எடுத்தால் நீங்கள் அளப்பது உங்கள் ரசனையை. வெல்லின் நடுவிலிருந்து இத்தனை தூரம் வலது, இத்தனை தூரம் கீழ் என்று முன்கூட்டியே ஒரு ஒழுங்கு வைத்து, எல்லா வெல்லிலும் அதே இடங்களில் எடுங்கள். விளிம்புப் பக்கம் வேண்டாம். கலங்கள் அங்கே குவிந்து கிடக்கும்.

கொழும்பின் ஈரப்பதனுக்கு வில்லையில் பூஞ்சை பிடிப்பது சர்வசாதாரணம், அதிலும் இரவில் ஏசியை நிறுத்தும் அறைகளில். பூஞ்சையோ தூசியோ இருந்தால் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் மங்கல் இருக்கலாம். ஒரு படத்தைத் தனியே பார்த்தால் கண்ணுக்குப் படாது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு நாளில் எடுத்த எல்லாப் புலங்களையும் ஃபிஜியில் ஒரே அடுக்காக்கி, மீடியன் (இடைநிலை மதிப்பு) முறையில் ஒன்றாகத் தட்டையாக்குங்கள். இடம் மாறுகிற கலங்கள் எல்லாம் கரைந்துபோய், மாறாமல் இருப்பது மட்டும் மிஞ்சும். நடுப்பகுதி பிரகாசமாகவும் மூலைகள் இருண்டும் தெரிந்தால் ஒளி சமமாக விழவில்லை. மாறாத மங்கல் தெரிந்தால் பூஞ்சையோ தூசியோ இருக்கலாம். ஒளி சமமின்மையை ஃபிஜியின் பேசிக் என்ற பிளகின் ஓரளவு திருத்தும். பூஞ்சையை மென்பொருளால் திருத்தப் பார்க்காமல் லெப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

4. சேமித்தலும் பெயரிடலும்

நுணுக்குக்காட்டி தருகிற மூல வடிவத்திலோ 16 பிட் டிஃபிலோ சேமியுங்கள். ஜேபெக் வேண்டவே வேண்டாம். அது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, நுண்ணிய விபரத்தைத் தூக்கியெறிந்து சுருக்குகிறது. சிறிய கருத்துண்டுகளின் விளிம்பு அதில்தான் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைத் தரவாக எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் மேற்பார்வையாளருக்குக் காட்ட மட்டும்.

ஃபிஜியில் 16 பிட்டை 8 பிட்டாக மாற்றும்போது, அந்த நேரத்தில் திரையில் வைத்திருக்கிற பிரகாச எல்லையை வைத்தே மாற்றும். ஒவ்வொரு படத்துக்கும் எல்லை வேறாக இருந்தால் ஒவ்வொரு படத்தின் எண்ணும் வேறு அளவுகோலில் வரும். அதேபோல் பிரகாசத்தைச் சரிசெய்யும் பெட்டியில் "அப்ளை" என்பதை அழுத்தினால் பார்வை மட்டுமன்றிப் பிக்சல் மதிப்பே மாறிவிடும். பார்ப்பதற்கு வசதியாகச் சரிசெய்யுங்கள், அழுத்தாமல் மூடிவிடுங்கள்.

பெயரில் திகதி, பிளேட், வெல், புலம், சனல் ஐந்தும் இருக்கட்டும். எது கொன்ட்ரோல், எது சாறு என்பதைப் பெயரில் போடாமல் தனி அட்டவணையில் வையுங்கள். அடுத்தடுத்த படிகளில் கையால் கோடு வரையப்போகிறீர்கள். எது எதுவென்று தெரிந்தால் கை தானாகவே சாய்ந்துவிடும்.

5. பயிற்சி பெற்ற மொடலை முதலில் அப்படியே ஓட்டிப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் மிகப்பெரிய நேர விரயம் இது: எந்த மொடலையும் ஓட்டிப் பார்க்காமல் நூற்றுக்கணக்கான கருக்களைக் கையால் வரையத் தொடங்கிவிடுவார்கள். தெளிவான டாபிப் படம் என்றால் வரையவே தேவையில்லாமல் போகலாம்.

எதை எடுப்பது? ஸ்டார்டிஸ்ட் ஒவ்வொரு கருவையும் அதன் உள்ளே ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைக்கும் நீட்டிய கதிர்களால் வரையப்பட்ட பல்கோணமாகப் பார்க்கிறது. வழமையாக 32 கதிர்கள். உருண்டையான, முட்டை வடிவான கருக்களுக்கு அருமை. ஒட்டிக்கொண்ட கருக்களையும் நன்றாகப் பிரிக்கும். வளைந்து நெளிந்த கலத்தில் உள்ளிருந்து நீட்டிய கதிர் விளிம்பை ஒன்றுக்கு மேற்பட்ட தரம் வெட்டும், அங்கே அது தோற்கும். செல்போஸ் ஒவ்வொரு பிக்சலுக்கும் "நீ சேர்ந்த கலத்தின் நடு எந்தப் பக்கம்" என்று ஒரு திசையைக் கணிக்கிறது. அந்தத் திசைகளில் நகர்ந்து ஒரே இடத்தில் போய்ச் சேரும் பிக்சல்கள் ஒரு கலம். அதனால் கலத்தின் வடிவம் எப்படியிருந்தாலும் சமாளிக்கிறது. என் வழக்கம்: கரு மட்டும் என்றால் ஸ்டார்டிஸ்ட், முழுக் கலம் என்றால் செல்போஸ். திருத்தலும் மேற்பயிற்சியும் கருவுக்கும் செல்போஸில் செய்யலாம் என்பதால் இனி அதன் அமைப்புகளையே சொல்கிறேன்.

யூ-நெட் என்ற சாதாரண நரம்புவலை மொடல் ஒன்றை நீங்களே எழுதிப் பயிற்றுவிக்க ஆசை வரும், பரீட்சகர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அது "இந்தப் பிக்சல் கரு, இது பின்னணி" என்று மட்டும்தான் சொல்லும். ஒட்டிய இரண்டு கருக்களைப் பிரிப்பது தனிப் பிரச்சினையாக உங்கள் தலையில் விழும்.

செல்போஸ் பதிப்பு 3இல் மூன்று அமைப்புகளை மட்டும் தொடுங்கள். முதலாவது டயமீட்டர், பிக்சலில். கலத்தின் சராசரி விட்டத்தை ஃபிஜியில் கோடு போட்டு அளந்து கொடுங்கள். இரு மடங்காகக் கொடுத்தால் பக்கத்துக் கலங்களைச் சேர்த்துவிடும். பாதியாகக் கொடுத்தால் ஒரு கலத்தையே வெட்டிவிடும். இரண்டாவது ஃப்ளோ த்ரெஷோல்ட், வழமையாக 0.4. கலங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, மொடல் விட்டுவிடுகிறது என்றால் இதைக் கூட்டுங்கள். அசிங்கமான வடிவங்கள் வந்தால் குறையுங்கள். மூன்றாவது செல்ப்ரொப் த்ரெஷோல்ட், வழமையாக 0. மங்கலான பகுதிகளும் வேண்டுமானால் குறையுங்கள், பின்னணியையும் கலம் என்று பிடித்தால் கூட்டுங்கள்.

சனல் வரிசையைத் தலைகீழாகக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. முதலில் கலத்தின் சனல், அடுத்தது கருவின் சனல். மாற்றிக் கொடுத்தாலும் பிழைச் செய்தி வராது, ஏதோ ஒரு முடிவு வரும். அதுதான் ஆபத்து.

கவனிக்க இன்னொன்று: மிகச் சிறிய பொருட்களைக் கழிக்கும் அமைப்பு. செல்போஸ் வழமையாக 15 பிக்சலுக்குக் குறைந்தவற்றை எறிந்துவிடும். இரைச்சலை நீக்க இதை 100, 200 என்று கூட்டச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். நீங்கள் தேடுவது உடைந்த கருவின் துண்டுகள் என்றால், தேடுவதையே கழித்துவிட்டு "அப்போப்டோசிஸ் இல்லை" என்று எழுதுவீர்கள். 1ஆம் படியில் எழுதிய தாளை எடுத்துப் பார்த்துவிட்டு இந்த எண்ணை வையுங்கள்.

6. சோதனைத் தொகுதியைப் பிரித்து ஒதுக்குங்கள்

மேலே ஓட்டியதன் முடிவு கண்ணுக்கு நன்றாக இருக்கலாம், மோசமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் வரையத் தொடங்கும் முன் இந்தப் படி வரவேண்டும்.

மேற்பயிற்சிக்கு (பயிற்சி பெற்ற மொடலை உங்கள் படங்களால் மேலும் பயிற்ற) சில படங்கள், சோதனைக்குச் சில படங்கள். இரண்டும் வெவ்வேறு வெல்லிலிருந்து, முடிந்தால் வெவ்வேறு நாளில் செய்த பரிசோதனையிலிருந்து வரவேண்டும். ஒரு பெரிய படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, துண்டுகளைக் குலுக்கிப் பாதி இங்கே பாதி அங்கே என்று போடுவதைத்தான் அதிகம் காண்கிறேன். அதே சாயம், அதே குவியம், அதே பின்னணி. சில வேளை ஒரே கருவின் இடப்பாதி பயிற்சியிலும் வலப்பாதி சோதனையிலும் இருக்கும். மதிப்பெண் அள்ளிக் கொட்டும். அடுத்த மாதம் புதிய பிளேட்டில் ஓட்டும்போது உண்மை தெரியும்.

இரண்டு தொகுதியிலும் கொன்ட்ரோலும் இருக்கவேண்டும், சாறு இட்டதும் இருக்கவேண்டும். அட்டவணையை வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டு தேர்ந்தெடுக்கச் செய்தால் உங்களுக்கு எது எதுவென்று தெரியாமலே இது நடக்கும்.

7. கையால் திருத்துதல்

வெற்றுப் படத்தில் வரையாமல், மொடல் தந்த கோடுகளைச் செல்போஸின் திரையிலேயே திருத்துங்கள். தவறானதை அழி, விட்டதை வரை, திரும்பப் பயிற்று, அடுத்த படத்தை ஓட்டு. செல்போஸின் இரண்டாம் பதிப்பு 2022இல் வந்தபோது அதை உருவாக்கியவர்கள் காட்டியது இதுதான்: ஏற்கெனவே பயிற்சி பெற்ற மொடலுக்கு 500 முதல் 1000 வரையான கலங்களை வரைந்து கொடுத்தால் போதும், இப்படித் திருத்தித் திருத்திப் பயிற்றினால் 100 முதல் 200 வரை போதும்.

ஒரே ஆள் வரையக்கூடாது, குறைந்தது சோதனைத் தொகுதியையாவது இரண்டு பேர் தனித்தனியே வரையுங்கள். அதற்கு முன் விதித்தாள் ஒன்று வேண்டும்: மங்கலான கரு சேர்த்தியா, பிரிந்துகொண்டிருக்கும் கலம் ஒன்றா இரண்டா, துண்டான கருவை எப்படி வரைவது, ஓரத்தில் வெட்டுப்பட்டதை என்ன செய்வது. எங்கள் லெப்களில் தமிழ், சிங்களம் பேசுகிறவர்கள் கலந்துதான் இருப்போம். ஆகவே விதித்தாளைச் சொல்லால் எழுதாமல் சிறு படங்களாக ஒட்டி, சரி என்றால் பச்சைக் கோடு, பிழை என்றால் சிவப்புக் கோடு என்று போடுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியிராது.

இருவரின் கோடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் குறித்துவையுங்கள். மனிதர் இருவரே ஒத்துப்போகாத இடத்தில் மொடல் சரியாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கமுடியாது.

மாஸ்க்கை (வரைந்த கலங்களை மட்டும் காட்டும் படத்தை) சேமிக்கும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. மாஸ்க் படத்தில் ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு எண். 8 பிட்டில் சேமித்தால் 255க்கு மேல் எண் இல்லை, 256ஆவது கலத்திலிருந்து குழப்பம். 16 பிட் டிஃப் என்று வையுங்கள்.

8. மேற்பயிற்சி

இது எளிது. மொடலை வெறுமையிலிருந்து தொடங்காமல் நியூக்ளியை அல்லது சைட்டோ3இலிருந்து தொடங்குங்கள், மற்ற அமைப்புகளை வழமையானபடியே விடுங்கள். இந்த அளவு படங்களுக்குக் கொலாப்பில் பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பயிற்சிப் பிழை இறங்கிக்கொண்டே போக, சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய படங்களின் பிழை ஏறத் தொடங்கினால் மொடல் மனப்பாடம் செய்கிறது; அங்கேயே நிறுத்துங்கள். அதற்கான படங்களைப் பயிற்சிப் பக்கத்திலிருந்து எடுங்கள், 6ஆம் படியின் சோதனைத் தொகுதியைத் தொடவேண்டாம்.

கொன்ட்ரோல் படங்களை மட்டும் கொடுத்துப் பயிற்றுவது பெரிய தவறு. மொடல் உருண்டையான, மிருதுவான கருக்களை மட்டுமே கரு என்று கற்கும். சாறு இட்ட படத்தில் சுருங்கிய கருக்களை விட்டுவிடும். உங்கள் அட்டவணையில் "கலங்கள் குறைந்தன" என்று வரும். குறைந்தது மொடலின் பார்வை.

9. மதிப்பிடல்

ஒதுக்கிவைத்த சோதனைத் தொகுதியை இப்போது, ஒரே ஒரு தரம், திறவுங்கள். பார்த்துப் பார்த்து அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தால் அது சோதனைத் தொகுதியாக இராது.

"பிக்சல்களில் 98 சதவீதம் சரி" என்ற எண் பயனற்றது. படத்தின் பெரும்பகுதி கருப்புப் பின்னணி; எல்லாவற்றையும் பின்னணி என்று சொல்கிற மொடலும் நல்ல மதிப்பெண் வாங்கும். கலம் கலமாக எண்ணுங்கள். மொடல் வரைந்த கலமும் கையால் வரைந்த கலமும் மேற்படிகிற பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடுகிற மொத்தப் பரப்பால் வகுத்தால் 0க்கும் 1க்கும் இடையில் ஒரு எண் வரும். அது 0.5க்கு மேல் என்றால் பொருந்தியது என்று கொள்வது வழக்கம். கையால் வரைந்தவை 100, பொருந்தியவை 90, விட்டவை 10, இல்லாததை இருக்கிறது என்றவை 15 என்றால், மதிப்பெண் 90 ÷ (90 + 10 + 15), அதாவது 0.78.

இந்த அளவுகோல் சிறிய பொருட்களுக்குக் கடுமையானது. விட்டம் 20 பிக்சல் உள்ள கருவைச் சுற்றிலும் ஒரே ஒரு பிக்சல் பெரிதாக வரைந்தால் மேற்படிவு 100 ÷ 121, ஏறக்குறைய 0.83. விட்டம் 10 பிக்சல் என்றால் அதே ஒரு பிக்சல் பிழைக்கு 25 ÷ 36, அதாவது 0.69. விட்டம் 6 என்றால் 0.56. துண்டான கருக்களில் மதிப்பெண் விழுந்தால் உடனே மொடலைத் திட்டாதீர்கள். படத்தைத் திறந்து, எண்ணிக்கை சரியா, விளிம்பு மட்டுமா பிசகியிருக்கிறது என்று பாருங்கள்.

இனி, பலர் தாண்டிப் போகிற இடம். மதிப்பெண்ணைக் கொன்ட்ரோலுக்கும் சாறு இட்டதற்கும் தனித்தனியே கணியுங்கள். மொத்தமாக 0.8 என்பது கொன்ட்ரோலில் 0.9ஆகவும் சாறு இட்டதில் 0.7ஆகவும் இருக்கலாம். அப்படியென்றால் இரு குழுவுக்கும் இடையில் நீங்கள் காணும் வித்தியாசத்தில் ஒரு பங்கு மொடலின் பிழை. மொத்த மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் இரு பக்கமும் ஒரே அளவில் பிழைவிடுகிற மொடலைத்தான் நான் எடுப்பேன். வித்தியாசம் பெரிதாக இருந்தால் 7ஆம் படிக்குத் திரும்பி, சாறு இட்ட படங்களை இன்னும் கொஞ்சம் வரையுங்கள். பிறகு சோதிக்கப் புதிய படங்கள் வேண்டும், பழையவற்றைத்தான் பார்த்துவிட்டீர்களே.

10. அளத்தல்

மாஸ்க்கும் மூலப் படமும் சேர்ந்தால் அளவுகள் வரும். பைதனின் சைகிட்-இமேஜ் தொகுப்பிலோ ஃபிஜியிலோ செய்யலாம். ஒளிர்வை எப்போதும் மூலப் படத்தில் அளந்துகொள்ளுங்கள், மொடலுக்காகப் பிரகாசம் மாற்றிய படத்தில் வேண்டாம். பின்னணியைக் கழிக்க மறக்கவேண்டாம்.

பரப்பைப் பிக்சலிலிருந்து மாற்றும்போது பிக்சல் அளவின் வர்க்கத்தால் பெருக்குங்கள். 1500 பிக்சல் கரு என்றால் 1500 × 0.325 × 0.325, ஏறக்குறைய 158 சதுர மைக்ரோமீற்றர். ஒரு தரம் மட்டும் பெருக்கினால் 487.5 வரும். அப்படியொரு எண்ணை அட்டவணையில் கண்டால் எதை மறந்தார்கள் என்று உடனே தெரிந்துவிடும். கமராவில் 2 × 2 பின்னிங் (நான்கு பிக்சலை ஒன்றாக்குதல்) போட்டிருந்தால் பிக்சல் 0.65 ஆகிவிடும். ஃபிஜியில் அளவுகோலைக் "குளோபல்" என்று வைத்துவிட்டு 40 மடங்குப் படத்தைத் திறந்தால், அதற்கும் 20 மடங்கின் அளவுகோலே ஓடும்.

ஓரத்தைத் தொடும் கலங்களைப் பரப்பு அளக்கும்போது நீக்குங்கள். அவை வெட்டுப்பட்டவை, சராசரியைக் குறைக்கும். எண்ணிக்கைக்கு எல்லாவற்றையும் நீக்கினால் குறைவாக வரும். கலம் எண்ணும் கண்ணாடித் தட்டான ஹீமோசைட்டோமீற்றரில் செய்வதுபோல இரண்டு பக்கத்தைத் தொடுபவற்றைச் சேர்த்து, மற்ற இரண்டு பக்கத்தைத் தொடுபவற்றை விடுங்கள்.

அட்டவணை வந்ததும், பரப்பில் மிகச் சிறியவை, மிகப் பெரியவை என்று சிலவற்றைத் தேடிப்போய் நபாரியில் கண்ணால் பாருங்கள். மிகப் பெரியவை பெரும்பாலும் ஒட்டிப்போன இரண்டு கருக்கள். மிகச் சிறியவை துண்டாகவும் இருக்கலாம், அழுக்காகவும் இருக்கலாம்.

11. எத்தனை மாதிரி என்று எண்ணும்போது

5000 கலம் அளந்தேன், ஆகவே மாதிரி எண்ணிக்கை 5000 என்று எழுதினால் எந்த வித்தியாசமும், எவ்வளவு சிறியதானாலும், "குறிப்பிடத்தக்கது" என்று வரும். ஒரே வெல்லிலுள்ள கலங்கள் ஒரே ஊடகத்தில், ஒரே கழுவலில், ஒரே கையால் வந்தவை. ஒன்றையொன்று சாராதவை என்று சொல்லமுடியாது. மூன்று தனித்தனி நாட்களில் பரிசோதனையைத் திருப்பிச் செய்திருந்தால் மாதிரி எண்ணிக்கை 3. ஒவ்வொரு நாளின் சராசரியையும் எடுத்து, அந்த மூன்றையும் ஒப்பிடுங்கள். கலங்களின் பரவலைப் படத்தில் புள்ளிகளாகக் காட்டலாம், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் கொடுத்தால் எந்த நாள் விலகி நிற்கிறது என்பதும் தெரியும்.

12. அறிக்கையில் எழுதவேண்டியவை

"கலங்கள் ஆழ்கற்றலால் பிரித்தெடுக்கப்பட்டன" என்று ஒரு வரி போதாது. மென்பொருளின் முழுப் பதிப்பு எண், எந்த மொடலிலிருந்து தொடங்கியது, எத்தனை படம், எத்தனை கலம் வரைந்து பயிற்றியது, டயமீட்டர், இரண்டு த்ரெஷோல்ட், எத்தனை பிக்சலுக்குக் கீழ் கழித்தது, பொருள்வில்லையின் மடங்கும் எண்துளையும், ஒரு பிக்சலின் அளவு, எக்ஸ்போஷர், இரு குழுவுக்கும் தனித்தனி மதிப்பெண். துண்டான கருவை ஒன்றாக எண்ணியதா பலவாக எண்ணியதா என்பதும் வேண்டும்.

இவற்றை ஓட்டுகிற அன்றே ஒரு ஃபைலில் எழுதி, பயிற்சி பெற்ற மொடலோடு அதே கோப்புறையில் போடுங்கள். பட்டம் முடித்துப் போகும்போது அந்தக் கோப்புறையின் பிரதியை லெப் கணினியில் வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் 7ஆம் படியில் உங்கள் மொடலிலிருந்தே தொடங்கலாம்.